தூக்கிவாரிப் போட்ட பிறகு ஒரு நிமிடம்

மளிகைக் கடையில் நிற்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் ஐந்நூறு ரூபாய்க்கு மீதி எண்ணித் தருகிறார். நீங்களும் மனசுக்குள் கூடவே எண்ணுகிறீர்கள். நூறு, இருநூறு, இருநூற்றைம்பது... அந்த நேரம் பார்த்து ரோட்டில் போன லாரியின் டயர் ‘டமார்’ என்று வெடிக்கிறது. உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கடைக்காரருக்கும்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “டயருங்க” என்று சிரித்துக் கொள்கிறீர்கள். சரி, எத்தனை ரூபாய் வரை எண்ணினீர்கள்?

தெரியாது. மறுபடி முதலிலிருந்துதான்!

அந்த எண்ணிக்கை எங்கே போயிற்று என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். சில்லறை விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும், அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் இதில் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதி இருக்கிறது.

உடம்பு முந்திக் கொள்கிறது

திடுக்கிடுவது ஓர் அனிச்சைச் செயல். நாம் நினைத்துச் செய்வதில்லை. நினைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. சார்லஸ் டார்வின் இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, 1872-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். லண்டன் மிருகக் காட்சிச் சாலையில் ஓர் ஆப்பிரிக்க விரியன் இருந்த கூண்டின் கனமான கண்ணாடியில் முகத்தை வைத்துக் கொண்டு, பாம்பு சீறினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி எடுத்துக் கொண்டார். பாம்பு கொத்த வந்தது. அடுத்த கணம் மனிதர் ஒரு கஜம், இரண்டு கஜம் பின்னால் துள்ளி விட்டார்! நடுவில் கண்ணாடி இருப்பது அவர் அறிவுக்குத் தெரியும். உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

1939-ல் லாண்டிஸ், ஹன்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் துப்பாக்கியை வெடித்து, திடுக்கிடுகிறவர்களை வேகமான சினிமாக் காமிராவில் படம் பிடித்து ஒரு புத்தகமே எழுதினார்கள். முதலில் இமை மூடுகிறது. பிறகு தலை முன்னால் வருகிறது, தோள் தூக்குகிறது, முழங்கை மடங்குகிறது, வயிறு இறுகுகிறது, முழங்கால் சற்றே வளைகிறது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிற மாதிரி. பெரும்பாலும் அரை விநாடிக்குள் எல்லாம் முடிந்து விடுகிறது. திரும்பத் திரும்ப வெடித்தால் மற்ற அசைவுகள் குறைந்து கொண்டே வரும். ஆனால் இமைப்பது மட்டும் போகாது. துப்பாக்கி சுட்டுப் பழகிய போலீஸ்காரர்களும் இமைத்தார்கள்.

ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், சத்தம் கேட்ட முப்பதாவது, ஐம்பதாவது பங்கிலேயே இமைத் தசை இழுக்க ஆரம்பித்து விடுகிறது. காரணம், குறுக்கு வழி. காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத் தண்டிலுள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்துக்குப் போய், அங்கிருந்து நேராக முகத்துக்கும் கழுத்துக்கும் முதுகுத் தண்டுக்கும் உத்தரவாகப் பாய்கிறது. யோசிக்கிற பெருமூளையின் அனுமதிக்கு அது காத்திருப்பதில்லை. ‘ஓ, டயர்’ என்று பெருமூளை பெயர் வைப்பதற்குள் உடம்பு குனிந்து நிமிர்ந்து விட்டது.

எங்கள் சித்த மருத்துவப் படிப்பில் தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்று பாடம் உண்டு. திடுக்கிடல் அந்தப் பட்டியலில் இல்லை. அடக்கவே முடியாததை ‘அடக்காதே’ என்று சொல்வானேன் என்று நினைத்துக் கொள்வேன்.

இதில் இன்னொன்று. சத்தம் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. திடீரென்று வர வேண்டும். கல்யாண மண்டபத்தில் தவில் முழங்குகிறது, மடியில் குழந்தை அசந்து தூங்குகிறது. அதே குழந்தை, வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப் போட்டு எழுந்து விடுகிறது. படிப்படியாக ஏறும் சத்தத்துக்கு மூளைத் தண்டு இப்படித் துள்ளுவதில்லை.

திரும்பிப் பார்ப்பது வேறு, திடுக்கிடுவது வேறு

நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இங்கேதான் வீட்டுக் குழப்பமே ஆரம்பிக்கிறது.

மெதுவாக ஒரு சத்தம் கேட்கிறது. பக்கத்து அறையில் யாரோ உங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் செய்கிற வேலையை நிறுத்திக் காது கொடுக்கிறீர்கள். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் இதற்கு ‘என்ன அது?’ அனிச்சை என்றே பெயர் வைத்தார். அப்போது கண் அகலத் திறக்கிறது, தலை சத்தத்தின் பக்கம் திரும்புகிறது, இதயத் துடிப்பு சற்று நிதானப்படுகிறது. புலன்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு செய்தி வாங்கத் தயாராகின்றன.

திடுக்கிடும்போது நடப்பது நேர் எதிர். கண் மூடுகிறது, தசை இறுகுகிறது, இதயம் படபடக்கிறது. அதாவது ஜன்னல்களைச் சாத்துகிறோம். அந்த நேரம் உடம்புக்குத் தன்னைக் காப்பாற்றிக் கொள்வதுதான் வேலை. புதுச் செய்தி எதுவும் வேண்டாம்.

ஆகவே மேஜையைத் தட்டி, “இங்கே கவனி!” என்று கத்துகிறவர் கவனத்தை வரவழைக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? பிள்ளையின் முகம் அவர் பக்கம் திரும்பும், வாஸ்தவம். கவனம் பாடத்துக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. சில ஆசிரியைகள் வகுப்பில் இரைச்சல் கூடினால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நாலு நொடியில் வகுப்பே அடங்கிக் காது கொடுக்கும். அவர்களுக்கு பாவ்லவைத் தெரிய வேண்டியதில்லை!

அழிந்து போன சிலேட்டு

மனக்கணக்குப் போடும்போது, நடுவில் வருகிற எண்களை ஒரு சின்ன சிலேட்டில் எழுதி வைத்துக் கொள்கிற மாதிரி மூளை பிடித்து வைத்திருக்கிறது. ரொம்பச் சின்ன சிலேட்டு. நாலைந்து சங்கதிக்கு மேல் கொள்ளாது. கவனம் அதன் மேலேயே இருக்கும் வரைதான் எழுத்தும் இருக்கும். திடுக்கிட்டவுடன் கவனம் முழுவதும் ‘என்ன சத்தம்? எங்கே? எனக்கு ஆபத்தா?’ என்று ஓடிவிடுகிறது. சிலேட்டு அழிந்து போகிறது. கடையில் தொலைந்த எண்ணிக்கை இப்படிப் போனதுதான்.

எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருவோம்? 1960-களின் கடைசியில் இதை அளந்து பார்த்தார்கள். ஆட்களை விடாமல் கழித்தல் கணக்குப் போடச் சொல்லி, நடுவே எதிர்பாராத பலத்த சத்தம் எழுப்பினார்கள். நகரும் புள்ளியை ஒரு கைப்பிடியால் விடாமல் பின்தொடரச் சொன்ன சோதனையும் நடந்தது. கை வேலை சில விநாடிகளிலேயே பெரும்பாலும் சரியாகி விட்டது. ஆனால் யோசித்துச் செய்கிற வேலை அப்படியில்லை. ரிச்சர்ட் தாக்ரே என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்க விமானத் துறைக்காக 1988-ல் இந்தச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தகவலை வாங்கி யோசித்து முடிவெடுக்கும் திறன் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை தடுமாறுவதாகத் தெரிந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

கவனியுங்கள், உடம்பு குலுங்கியது அரை விநாடி. புத்தி குழம்பியது அரை நிமிடத்துக்கு மேல். வெளியே பார்த்தால் ஆள் சாதாரணமாக நிற்பார். உள்ளே கடை இன்னும் திறக்கவில்லை.

“கேட்டா முழிக்கிறான் டாக்டர்!”

நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை அப்பாவும் அம்மாவும் அழைத்து வந்தார்கள். ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் வேண்டுமாம். “என்கிட்ட ஒப்பிக்கிறப்போ நல்லாத்தான் சொல்றான் டாக்டர். அவங்க அப்பா உட்கார வச்சுக் கேட்டா திருதிருன்னு முழிக்கிறான்” என்றார் அம்மா. நான் பையனிடம் ஊர்க்கதை பேசி, நடுவே “தம்பி, ஏழெட்டு எவ்வளவு?” என்றேன். அவன் யோசிக்கத் தொடங்கினான். அதற்குள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிக் கையில் பளாரென்று தட்டி, “சொல்லுடா!” என்றார். பையனின் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கியது. அப்புறம் பதிலே இல்லை. “பாத்தீங்களா டாக்டர்?” என்றார் அப்பா. பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் பெரியவர்கள் வேறு ஏதோ பேசிக் கொண்டிருக்கும்போது, மேஜையிலிருந்த மருந்துக் கல்வத்தைத் தடவியபடி பையன் தானாகவே “ஐம்பத்தாறு” என்றான்.

சோதனைச் சாலையில் கழித்தல் கணக்கில் தடுமாறியவர்கள் வளர்ந்த ஆட்கள். அவர்களுக்கே அரை நிமிடம் வேண்டும் என்றால், தட்டிய மறு விநாடியே எட்டு வயசுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பதில் வராததைப் பார்த்து இன்னொரு அதட்டல். மறுபடி சிலேட்டு அழிகிறது. இதற்கு நாம் வைக்கிற பெயர், ‘மந்தம்’.

பயம் இதில் எண்ணெய் ஊற்றும். 1951-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று பிரபலம். ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தொடர்ந்து மின் அதிர்ச்சி வரும் என்று எலிகள் கற்றுக் கொண்ட பிறகு, அந்த அடையாளம் தெரிகிற நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அவை வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளின. மனிதர்களும் அப்படித்தான். பயந்திருக்கும்போது சாதாரணச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும். வெறும் இருட்டில் உட்கார்ந்திருந்தாலே திடுக்கிடல் கூடுகிறது என்று 1997-ல் அளந்தே காட்டினார்கள். எப்போது தட்டுவாரோ என்று அப்பாவின் கையைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்கிற பிள்ளை புத்தகத்தில் எதைப் பார்க்கும்?

“அடிச்சு உருட்டிச் சொல்லிக் கொடுத்ததுதான் சார் மறக்காம நிக்குது” என்று வாதாடுகிற பெரியவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. பயந்த நேரத்தில் சுரக்கும் அட்ரினலின், நடந்த சம்பவத்தை ஆழமாகப் பதிய வைக்கும். எந்தச் சம்பவத்தை? அப்பா கத்தியதை. அவர் முகம் சிவந்ததை. அது முப்பது வருஷம் ஆனாலும் ஞாபகம் இருக்கும். வாய்ப்பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வல்லாரை நல்ல மூலிகை, கொடுக்கத் தயக்கமில்லை. ஆனால் மேஜைத் தட்டல் நிற்காத வீட்டில் கீரை என்ன செய்யும்?

4 நிமிடம் 23 விநாடி

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாடு மட்டுமல்ல. 2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் நள்ளிரவு தாண்டிப் பறந்து கொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித் துகள்கள் அடைத்துக் கொண்டன. தானாக ஓட்டும் கருவி எச்சரிக்கை ஒலியோடு கழன்று கொண்டது. வேக அளவு சரியாகத் தெரியாமல் போனது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். ஒன்றும் செய்யாமல் விமானத்தை இருந்தபடியே நிதானமாகப் பிடித்திருந்தாலே சமாளித்திருக்கலாம். ஆனால் ஓட்டிக் கொண்டிருந்தவர் மூக்கை மேலே தூக்கிவிட்டார். விமானம் காற்றில் நிற்கும் பலத்தை இழந்தது. அதற்கான அபாயக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதைப் பற்றி விமானிகள் ஒரு வார்த்தை பேசிக் கொள்ளவில்லை. கருவி கழன்றதிலிருந்து கடலில் விழுந்தது வரை 4 நிமிடம் 23 விநாடி. 228 பேரும் போய்விட்டார்கள்.

பிரான்ஸ் நாட்டு விபத்து ஆய்வு அமைப்பு 2012-ல் வெளியிட்ட இறுதி அறிக்கை பல காரணங்களை அடுக்குகிறது. அவற்றில் ஒன்று, விமானிகள் திடுக்கிட்டுப் போனது. பயிற்சி பெற்ற காதுக்குக் கூட அபாய ஒலி எட்டாமல் போகும் என்று தெரிந்த பிறகு, விமானிகளின் பயிற்சியில் திடுக்கிடலைச் சமாளிப்பதும் ஒரு பாடமாகச் சேர்ந்திருக்கிறது.

நம் ஊர் விமானம் ஸ்கூட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். பின்னால் வரும் பஸ் காதோரமாக ஏர் ஹாரனை அலற விடுகிறது. கண் மூடி, கை இறுகி, முழங்கை மடங்குகிற அந்த அரை விநாடியில் ஐந்தாறு மீட்டர் போய்விடும். அது கூடப் பரவாயில்லை. அடுத்த அரை நிமிடத்தில் 330 மீட்டர் கடந்திருப்போம். அதற்குள் எத்தனை சந்து, எத்தனை சிக்னல்! அதனால் அலறல் கேட்டால் ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தி, கோட்டை மாற்றாமல் நேராகப் போங்கள். முந்துவது, திரும்புவது எல்லாம் அப்புறம். கடூரமாக, மிரட்டுகிற மாதிரி ஒலிக்கும் ஹாரன்களைப் பொருத்தக் கூடாது என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி சொல்கிறது. சொல்லிக் கொண்டுதான் இருக்கிறது.

சின்னச் சத்தம் போடும் கேட்

ஓர் ஆச்சரியமான விஷயம். பெரிய சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், விநாடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால், ஒரு சின்னச் சத்தம் வந்தால் திடுக்கிடல் வெகுவாகக் குறைந்து விடுகிறது. உஷார்ப் படுத்தியதால் அல்ல. அந்த இடைவெளியில் யார் உஷாராக முடியும்? முதலில் வந்த சின்னச் செய்தியை மூளை வாங்கிக் கொண்டிருக்கிறது. அது கலையாமல் இருக்கப் பின்னால் வருவதற்குக் கேட்டைச் சாத்துகிறது. 1975-ல் பிரான்சிஸ் கிரகாம் என்ற அம்மையார் தந்த விளக்கம் இது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்தக் கேட் சரியாகச் சாத்துவதில்லை என்று 1978-லிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். வேண்டாத செய்திகள் எல்லாம் வெள்ளமாக உள்ளே வருவதாக அவர்களில் சிலர் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் இதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

பாட்டி கொடுத்த தண்ணீர்

யாராவது பயந்து போய் வந்தால் பாட்டிமார்கள் என்ன செய்வார்கள்? “உட்காரு முதல்ல. இந்தா, ஒரு வாய் தண்ணி குடி. அப்புறம் சொல்லு.” விபூதி பூசுவதும் உண்டு. தண்ணீரில் மருந்து இல்லை. ஆனால் உட்கார்ந்து, சொம்பை வாங்கி, மடக் மடக்கென்று இல்லாமல் மெதுவாகக் குடித்து முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் கழிந்து விடுகிறது! மூச்சும் சீராகிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பதால், மெதுவாக நீளமாக நாலைந்து முறை மூச்சை விடச் சொல்லலாம்.

பரீட்சை ஹாலில் ஏதாவது விழுந்து திடுக்கிட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை விட்டு, அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லிக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் தப்பு வரும்.

அடுப்படிக்கு வருவோம். திடுக்கிடல் யோசனையைக் கெடுக்கிறதே தவிர, ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் அசைவைக் கெடுப்பதில்லை. சொல்லப் போனால் வேகப்படுத்தும். 1999-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இதை நிரூபித்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்பவர் முந்திக் கிளம்புவார் என்பதால், ஒலிம்பிக்கில் ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் தனித்தனி ஒலிபெருக்கி வைக்கிறார்கள். ஆகவே ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியதை முன்கூட்டியே கைக்குப் பழக்கி வைப்பது நல்லது. எண்ணெய்ச் சட்டி குப்பென்று தீப்பிடித்தால் அடுப்பை அணை, தட்டைப் போட்டு மூடு. கேஸ் நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, ஸ்விட்ச் எதையும் தொடாதே. இதை வீட்டில் எல்லோரும் நாலு தடவை செய்து பார்க்கட்டும். அந்த நேரத்தில் யோசித்துக் கொள்ளலாம் என்று இருந்தால், எரிகிற எண்ணெயில் தண்ணீரை ஊற்றி விடுவோம்.

கைக்குழந்தை திடுக்கிட்டால்

பிறந்த குழந்தை சத்தத்துக்கோ, தலை லேசாகச் சரிந்தாலோ கையை விரித்து, பிறகு அணைக்கிற மாதிரி மடக்கும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் 1918-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே மோரோ அனிச்சை என்று வழங்குகிறது. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்து விடும். இதற்கு மந்திரிக்க வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

ஆனால் சத்தமே இல்லாமல், குறிப்பாகத் தூங்கி எழுந்தவுடன், குழந்தை வணக்கம் போடுகிற மாதிரி முன்னால் மடங்கி மடங்கி, சில விநாடிக்கு ஒரு முறை வரிசையாகத் தூக்கிப் போட்டால் அது திடுக்கிடல் அல்ல. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரக்கூடிய ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். 1841-ல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து இதை முதன்முதலாக எழுதினார். இதில் நாள் தள்ளினால் மூளை வளர்ச்சி பாதிக்கும். கறுப்புக் கயிறு கட்டிப் பார்க்கலாம், நாட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று சித்த மருத்துவரான என்னிடம் கூட வர வேண்டாம். அது நடக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டு, அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். அதே மாதிரி, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு விறைத்துக் கொள்கிற குழந்தையையும், எவ்வளவு பெரிய சத்தத்துக்கும் இமை கூட அசைக்காத குழந்தையையும் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் காது கேட்கும் பரிசோதனை இருக்கிறது. கை தட்டிப் பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது.